தண்ணீரில் பிறந்து தண்ணீருக்கு அஞ்சும் பொடி

உப்புப் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 536 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். உப்பு கட்டிதட்டாமல் இருக்கத் துளியூண்டு சேர்க்கும் பொட்டாசியம் பெரோசயனைடு அது. அதன் சோடிய உடன்பிறப்பையும், நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருகிற பெரஸ் சல்பேட்டையும் தண்ணீரில் கரைத்து, காற்றுப் படாமல் கலந்தால் வெளிறிய பொடி ஒன்று அடியில் படியும். பிரஷ்யன் ஒயிட். 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் சிவப்புச் சாயம் காய்ச்சப் போய்த் தற்செயலாகக் கிடைத்த பிரஷ்யன் நீலத்தின் வாரிசு. சோடியம் அயான் பேட்டரிக்கு மலிவான கேத்தோடு, அதாவது நேர்முனைப் பொருள்.

லித்தியம் இல்லை, கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை. போட்டிக் கேத்தோடான அடுக்கு ஆக்சைடு என்றால் 800, 900 டிகிரியில் சுட வேண்டும். இதற்குச் சூளையே வேண்டாம். ‘உப்பில் ஓடும் வண்டி’ என்று தலைப்பைக் கையில் கொடுத்துத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதியும் விடலாம், ஈரம் மட்டும் குறுக்கே வராமல் இருந்தால்.

கரைசல்களை மளமளவென்று ஊற்றினால் படிகக் கூட்டில் ஓட்டைகள் விழும். சோடியம் உட்கார வேண்டிய கூட்டில் தண்ணீர் ஏறி உட்காரும். அதனால் சிட்ரேட் சேர்க்கிறார்கள். அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். பனங்கற்கண்டுக்குப் பாகைப் பானையில் நூல் கட்டி நாள்கணக்கில் அசையாமல் வைப்பார்களே, அதே பொறுமை. அவசரப்பட்டால் கற்கண்டு இல்லை, சர்க்கரைதான்.

அப்படிச் செய்தாலும் ஈரம் முழுக்கப் போகாது. வெற்றிட அடுப்பில் 150 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கில் உலர்த்த வேண்டும். மிஞ்சும் ஈரம் பேட்டரிக்குள் எலக்ட்ரோலைட்டைக் கெடுத்து வாயு கிளப்பும். ஈரத்தை விரட்டுகிறேன் என்று கண்டபடி சூட்டை ஏற்றினால் கூடே சிதைந்து சயனைடு வாயு வரும்.

ஆக்சைடுகாரர்கள், தங்கள் பொடி அதே அளவு இடத்தில் அதிக மின்சாரம் அடக்கும் என்பார்கள். அடக்கட்டும்.

என் கவலை உலர்த்திய பிறகுதான். பொரித்த அப்பளத்தை மழைநாளில் திறந்து வைத்தால் அரைமணியில் நமுத்துவிடும். இந்தப் பொடியும் அந்த ஜாதி; காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து எடுத்தது முதல் செல்லை மூடி முத்திரையிடும்வரை உலர்அறை வேண்டும், அங்கே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டும். மூலப்பொருள் மலிவு என்று வருகிற விலைப்பட்டியல்களில் அந்த மின்கட்டணத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.