சபையில் எழுந்த இரு குரல்கள்



சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், மேற்கே பெருங்கடலும் கிழக்கே முந்தல் களப்பும் இருக்க, நடுவே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் அமைந்தது உடப்புக் கிராமம். ஆடி மாதத்தில் அங்கு போனவர்கள் அறிவார்கள். சோளகக் காற்று கடலைக் குழப்பிக்கொண்டிருக்கும். ஊர் முழுவதும் திரௌபதை அம்மன் கோயில் வாசலில் கூடியிருக்கும். 18 நாட் பாரதப் போரை நினைவூட்டுவதுபோல 18 நாட்கள் விழா நடந்து தீமிதிப்பில் உச்சம் பெறும். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மகாபாரதம் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு செய்யுட் பகுதி மட்டுமன்று. திரௌபதை அவர்கள் வணங்கும் தாய். துச்சாதனன் பற்றி இழுத்தது அந்தத் தாயின் கூந்தலை.

இத்தகைய கரையோர ஊர்களிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பாரதக் கதையைப் படிப்பிப்பது ஆசிரியனுக்கு இலகுவான காரியமன்று. கதை அவர்களுக்கு முன்பே தெரியும். ஆதலால் அவர்கள் கேட்கும் கேள்விகள் கதையைக் கடந்து நிற்கும். ஒருநாள் வகுப்பில், "திரௌபதைக்காகக் கௌரவர் பக்கத்திலிருந்து சபையில் பேசியவர்கள் யார்?" என்று கேட்டேன். "விதுரனும் விகர்ணனும்" என்று பலர் ஒருமித்துச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "இரண்டு பேரும் ஒரே நியாயத்தைத்தானே சொன்னாங்க, சேர்? அப்படியென்றால் கதைக்கு ஒருவர் போதாதா?" என்று கேட்டான்.

அக்கேள்வியையே இன்றைய உரையின் பொருளாக எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில், மேலோட்டமாகப் பார்த்தால் அந்த மாணவன் சொன்னது சரியே. இருவரும் அத்தினாபுரத்து அரச குடும்பத்தவர்கள். இருவரும் துரியோதனனின் உறவினர்கள். ஒருவன் சிறிய தந்தை, மற்றவன் தம்பி. வீட்டுமரும் துரோணரும் வாய் அடைத்திருந்த சபையில் இருவரும் எழுந்து பேசினார்கள். இருவர் பேச்சும் எடுபடவில்லை. இருவருமே பாண்டவர் பக்கம் போய்ச் சேரவும் இல்லை.

இன்னும் நுணுகிப் பார்த்தால் ஒற்றுமை மேலும் வலுக்கிறது. வியாசர் பாரதத்துச் சபா பருவத்தில், திரௌபதையை அழைத்து வருமாறு துரியோதனன் முதலில் ஏவுவது விதுரனைத்தான். விதுரன் மறுக்கிறான். தருமன் தன்னைத் தோற்றுத் தன்மேலே உரிமை இழந்த பின்னரே அவளைப் பணயம் வைத்தான். ஆகவே அவள் அடிமையாகவில்லை என்று அப்போதே சொல்லிவிடுகிறான். பின்னர் விகர்ணன் எழுந்து எடுத்துரைக்கும் நியாயங்களுள்ளும் இதுவே முக்கியமானது. வாதம் ஒன்று, தீர்ப்பும் ஒன்று. அப்படியிருக்க, வியாசர் ஏன் இருவரைப் படைத்தார்?

முதலில் விதுரனைப் பார்ப்போம். அவன் வியாசருக்கும் அரண்மனைத் தாதி ஒருத்திக்கும் பிறந்தவன். திருதராட்டிரனுக்கும் பாண்டுவுக்கும் தம்பி முறையானவன். ஆனால் அரியணைக்கு உரிமை இல்லாதவன். அரசு தனக்கு வராது என்று பிறப்பிலேயே அறிந்துகொண்ட ஒருவனுக்கு எஞ்சியிருப்பது சொல் ஒன்றே. அச்சொல்லை அவன் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். சூதுக்கு முன்னே தடுத்தான். சூது நடக்கும்போது தடுத்தான். பாண்டவர் காடு சென்ற பின்னரும் அண்ணனிடம் எடுத்துரைத்தான். போர் நெருங்கிய ஓர் இரவில், உறக்கம் வராது தவித்த திருதராட்டிரனுக்கு அவன் சொன்ன அறிவுரைகளே விதுர நீதி என்று தனியே போற்றப்படுகின்றன. தன் பேச்சு கேட்கப்படாது என்று தெரிந்தும் சோர்வின்றிப் பேசியவன் அவன்.

ஆனால் விதுரனைப் பேச்சாளனாக மட்டும் கண்டால் அவனைப் பாதியே கண்டவர்கள் ஆவோம். வாரணாவதத்தில் அரக்கு மாளிகை கட்டப்பட்டபோது, பிறர் அறியாத மொழியில் தருமனை எச்சரித்தவன் விதுரன். அதோடு நிற்கவில்லை. சுரங்கம் தோண்டத் தெரிந்த ஆள் ஒருவனையும் அனுப்பிவைத்தான். பாண்டவர் 13 ஆண்டுகள் வனத்திலும் மறைவிலும் கழித்தபோது குந்தி தங்கியிருந்தது விதுரன் வீட்டில். சபையில் தோற்ற சொல்லை அவன் சபைக்கு வெளியே, சத்தமின்றி, காரியமாக்கிக்கொண்டே இருந்தான்.

அவனிடத்துக் குறை இல்லையா? உண்டு. சூதாட்டம் அழிவு என்று சொன்ன அவனே, அண்ணன் கட்டளைக்குப் பணிந்து பாண்டவரை அச்சூதுக்கு அழைத்துவரத் தூது போனான். பின்பு ஒருமுறை திருதராட்டிரன் சினந்து "போ" என்றதும் காமியக வனத்துக்குப் பாண்டவரிடம் போனான். அண்ணன் வருந்தி ஆள் அனுப்பியதும் திரும்பி வந்துவிட்டான். அந்த வீட்டை அவனால் முற்றாக விடமுடியவில்லை. எனினும் ஓர் எல்லைக்கு அப்பால் அவன் போகவில்லை. வில்லிபுத்தூரார் பாரதத்துக் கிருட்டிணன் தூதுச் சருக்கம் இதனை மிக அழகாகக் காட்டுகிறது. கண்ணனுக்கு விருந்தளித்த குற்றத்துக்காகத் துரியோதனன் விதுரனின் பிறப்பை இழித்துப் பேசுகிறான். விதுரன் தன் வில்லை அதே சபையில் ஒடித்துப் போட்டுவிடுகிறான். இனி இந்தப் பக்கத்துக்காக அவன் கை அம்பு தொடாது.

இனி விகர்ணன். நூற்றுவரில் ஒருவன், வயதில் இளையவன். வியாசர் பாரதத்தில் அவன் பேசும் இடத்தை மீண்டும் படித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். திரௌபதை சபை நடுவே நின்று ஒரு கேள்வி கேட்கிறாள். தன்னைத் தோற்றவன் என்னைத் தோற்க உரிமை உள்ளவனா என்பது அக்கேள்வி. தருமத்தின் போக்கு நுட்பமானது என்று சொல்லி வீட்டுமர் நழுவுகிறார். மற்றையோர் துரியோதனன் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்போதுதான் விகர்ணன் எழுகிறான். "விடை கூறுங்கள்" என்று பெரியோரைக் கேட்கிறான். எவரும் வாய் திறவாதபோது தானே விடை கூறுகிறான். சூது முதலிய வசைகளில் வீழ்ந்து கிடப்பவன் செய்த செயல் செல்லாது. அவள் ஐவருக்கும் பொதுவானவள். தருமன் தன்னைத் தோற்ற பின்பே அவளை வைத்தான். அவளைப் பணயமாகக் கேட்டவன் சகுனி. ஆகவே அவள் வெல்லப்படவில்லை. நியாயவாதி ஒருவர் நீதிமன்றத்தில் அடுக்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். சபை ஆரவாரித்து அவனைப் புகழ்கிறது.

இங்கேதான் முதல் வேற்றுமை புலப்படுகிறது. விதுரன் பேசியது துரியோதனனிடமும் திருதராட்டிரனிடமும். "இது குலத்தை அழிக்கும்" என்பதே அவன் கவலையின் வேர். விகர்ணன் பேசியது அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடையாக. நீதி கேட்டவளின் முகத்துக்கு நேரே, "நீ சொல்வது சரி" என்று சொன்னவன் அவன். அழிவு வரும் என்பதற்காக அநீதியை நிறுத்தச் சொல்வது ஒன்று. அநீதி என்பதற்காகவே நிறுத்தச் சொல்வது மற்றொன்று. இளையவனின் குரலில் இரண்டாவது ஒலிக்கிறது.

விதுரனே இதை உணர்ந்திருக்கிறான். பின்னர் அவன் சபையோரைப் பார்த்து, விகர்ணன் தன் அறிவுக்கு எட்டியவாறு விடை சொல்லிவிட்டான், நீங்களும் சொல்லுங்கள் என்று வேண்டுகிறான். மூத்தவன் இளையவனை மேற்கோளாகக் காட்டும் இடம் அது. தொடர்ந்து பிரகலாதனின் கதையைச் சொல்கிறான். சபையில் அநீதி நடக்கும்போது பாவத்தில் பாதி தலைவனுக்கு, கால் பங்கு செய்தவனுக்கு, கால் பங்கு கண்டிக்காமல் இருந்த சபையோருக்கு என்பது அக்கதையின் கணக்கு.

ஆயினும் விகர்ணனின் கதை அத்துடன் முடிவதில்லை. "நீ சிறுபிள்ளை, உனக்கு என்ன தெரியும்" என்று கர்ணன் அதட்டுகிறான். விகர்ணன் அடங்கிவிடுகிறான். அதற்குப்பின் அவ்வாறான பேச்சொன்றை அவன் வாயிலிருந்து நாம் கேட்பதில்லை. விராட நாட்டில் ஆநிரை கவரப் போன சேனையில் அவனும் இருந்தான். குருச்சேத்திரத்திலும் அண்ணனின் அணியில் நின்றான். 14ஆம் நாட் போரில் வீமன் கையால் இறந்தான். நூற்றுவரையும் கொல்வதாகச் சபதம் செய்த வீமன், இவன் வீழ்ந்தபோது மட்டும் மனம் நொந்து புலம்புகிறான்.

நமது பட்டிமன்றங்களில் விதுரனை வீடணனோடும் விகர்ணனைக் கும்பகருணனோடும் இணைத்துப் பேசுவது வழக்கம். இரண்டாவது ஒப்பீடு ஓரளவு பொருந்தும். முதலாவது பொருந்தாது. வீடணன் கடல் கடந்து மறுபக்கம் போனான். பாரதத்தில் அவ்வாறு அணி மாறிய திருதராட்டிரன் மகன் யுயுத்சு. விதுரன் அணி மாறவில்லை. அண்ணனுக்கு அருகே இருந்தான். அநீதிக்கு மட்டும் கை கொடுக்கவில்லை. போர் முடிந்தபின், பிள்ளைகளை இழந்த அந்தக் குருட்டு அண்ணனோடு காட்டுக்குப் போய் அங்கேயே உயிரை விட்டான். உறவை விடாமல், உறவின் குற்றத்தில் பங்கு கொள்ளாமல் வாழ முயன்றவன் அவன். விகர்ணனோ உறவையும் நீதியையும் ஒருநாள் தராசில் வைத்தான். மறுநாளிலிருந்து உறவை மட்டும் சுமந்தான்.

விகர்ணனை இகழ்ந்து பேச எனக்கு மனம் வருவதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியனாகப் பணி தொடங்கிய பாடசாலையில் ஒரு மாணவன் இருந்தான். கரைவலைக் காலத்தில் தகப்பனுக்குத் துணையாக வலை இழுக்கப் போய்விடுவான். வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வெற்றிடங்கள் அதிகம். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வேளையில், வரவு போதாது என்று அவன் பெயரை நீக்குவதென ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். நான் எழுந்தேன். அவன் திறமையையும் குடும்ப நிலையையும் சொன்னேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன், சிலர் தலையாட்டினார்கள். "தம்பி, நீங்கள் நேற்று வந்தவர். சட்டம் தெரியாமல் கதைக்க வேண்டாம்" என்று ஒரு மூத்தவர் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் விண்ணப்பப் பட்டியலை எழுதும் பொறுப்பு வகுப்பாசிரியனான என்னிடமே வந்தது. அவன் பெயர் இல்லாமல், என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

அதே கூட்டத்தில் ஓய்வுபெறும் வயதிலிருந்த மற்றோர் ஆசிரியரும் பேசியிருந்தார். என்னளவுக்கு நீட்டி முழக்கவில்லை, இரண்டு வசனங்கள்தாம். ஆனால் அன்று மாலையே சைக்கிளில் அந்த மாணவனின் வீட்டுக்குப் போய், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் வழியைச் சொல்லி, படிவத்தையும் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது பல மாதங்களுக்குப் பின்னரே தெரியவந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பிரகலாதன் கதையில் பேசாமல் இருந்தவனுக்கு எத்தனை பங்கு என்று கணக்கு இருக்கிறது. பேசிவிட்டு, பின்பு அந்தக் காரியத்தைத் தானே செய்து கொடுத்தவனுக்கு எத்தனை பங்கு என்று அதில் இல்லை. விகர்ணன் அந்தக் கணக்கைக் குருச்சேத்திரம்வரை சுமந்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீமன் அவனுக்காக மட்டும் அழுததில் நியாயம் இருக்கிறது.

"கதைக்கு ஒருவர் போதாதா?" என்ற மாணவனுக்கு அன்று நான் சொன்ன விடை இது. போதாது. விதுரன் மட்டும் இருந்தால், நீதி என்பது வயது முதிர்ந்த அறிவாளிகளின் காரியம் என்று நினைத்துவிடுவோம். விகர்ணன் மட்டும் இருந்தால், எழுந்து பேசியதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். பேச்சு ஒன்றாக இருக்கும்போது ஆளை எப்படி அறிவது என்பதற்காகவே வியாசர் இருவரை ஒரே சபையில் நிறுத்தினார். சபை கலைந்தபின் அவரவர் கை என்ன செய்தது என்று பார்க்கச் சொல்கிறார்.

அந்த வலைகாரப் பையன் பரீட்சையில் சித்தியடைந்தான். இப்போது சொந்தத்தில் தோணி வைத்திருக்கிறான். கடந்த முறை ஆடி விழாவில் கோயில் வீதியில் என்னைக் கண்டு ஓடிவந்தான். "சேர், அன்றைக்கு எனக்காகக் கூட்டத்தில் பேசினீங்களாம். நான் மறக்கவில்லை" என்றான். பட்டியலை எழுதியது யார் என்பது அவனுக்குத் தெரியாது. அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வீட்டில் வானொலி கேட்பார்கள் என்று அறிவேன்; இன்று சொல்லிவிட்டேன்.