விமானப் படை: ஆள் ஏற்றும் வண்டியிலிருந்து செயற்கைக்கோள் வரை

புத்தூர் என்றாலே நம்மவர்களுக்கு எலும்பு முறிவுக் கட்டுதான் ஞாபகம் வரும். எங்கள் ஊரான அது 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவும் அதே மாவட்டம்தான். 2018 டிசம்பர் 19 அன்று அங்கிருந்து போன ஜிசாட்-7ஏ, முக்கியமாக இந்திய விமானப் படையின் தகவல் தொடர்புக்கானது. போர் விமானத்துக்குச் செயற்கைக்கோள் எதற்கு என்று கேட்கலாம். பழைய கதையைச் சற்றே பார்த்தால் விளங்கும்.

1947 அக்டோபர் 27 அன்று டகோட்டா விமானங்கள் டில்லியிலிருந்து வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கின. அன்று விமானத்தின் பெரிய வேலை ஆள் ஏற்றுவதுதான். 1962 சீனப் போரில் இந்தியாவிடம் ஹன்டர், கான்பெரா விமானங்கள் இருந்தும் தாக்குதலுக்கு அனுப்பவில்லை. பதிலுக்கு நம் நகரங்கள் மேல் குண்டு விழுமே என்ற அச்சம் ஒரு காரணம்.

1965ல் இரு நாட்டு விமானங்களும் ஒன்றின் தளத்தை மற்றொன்று தாக்கின. 1971 டிசம்பரில் மிக்-21கள் டாக்கா ஓடுபாதையை உடைத்தன. சில நாட்களிலேயே பாகிஸ்தான் ஜெட்கள் அங்கே எழும்ப முடியாமல் போயின. வானம் யார் கையிலோ, தரைப் படையும் தைரியமாக நகரும் என்பது அப்போது தெளிவாச்சு.

1999 கார்கிலில் வேறு சிக்கல். மெல்லிய காற்றுள்ள மலை உச்சியில் சாதாரணக் குண்டு குறி தவறும். தாழப் பறந்தாலோ தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை காத்திருக்கும். மே 28 அன்று ஒரு மி-17 ஹெலிகாப்டர் அப்படித்தான் வீழ்ந்தது. ஆகவே மிராஜ் 2000 உயரத்திலிருந்து லேசர் வழிகாட்டும் குண்டுகளை வீசியது. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவும் இருந்தது.

2025 மே மோதலில் விமானங்கள் பெரும்பாலும் தத்தம் எல்லைக்குள் இருந்தே சுட்டன. ஏவுகணையும் ட்ரோனும் எல்லை தாண்டின. இவ்வளவு தூரத்துச் சண்டைக்கு விமானமும் ரேடாரும் தளமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கணும். ஜிசாட்-7ஏயின் வேலை இதுதான்.

குறி கூர்மையானால் சாவு குறையும் என்று நம்பிவிட முடியாது. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் இலங்கை விமானப் படையின் குண்டுகள் விழுந்தன. புனித பேதுரு தேவாலயத்திலும் அதைச் சுற்றியும் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள் மாண்டார்கள். கருவி எவ்வளவு வளர்ந்தாலும், எதைக் குறிவைப்பது என்று முடிவு செய்பவன் மனுஷன்தான். விமானப் படையின் வளர்ச்சியைப் பேசும் நம் பிள்ளைகளுக்கு அந்த முடிவைக் கேள்வி கேட்கவும் சொல்லித் தருவோம்.