உட்கார முடியாத மாதங்கள்

"உட்கார்ந்து எழுந்தா அடியில குத்துதும்மா" என்று மாசமாக இருக்கும் மகள் சொன்னால், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அம்மாவிடமிருந்து வந்த பதில், "இடுப்பெலும்பு விலகுது, அப்படித்தான் இருக்கும்." அதில் பாதி உண்மை. கர்ப்பத்தில் சுரக்கும் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. முதுகெலும்பின் கடைக்கோடியில் இருக்கும் வால் எலும்பும் அந்தத் தளர்ச்சியில் கூடுதலாக அசைகிறது. வயிறு கனக்கக் கனக்க, சாய்ந்து உட்காரும்போது பாரம் அங்கேதான் இறங்குகிறது. 'அப்படித்தான் இருக்கும்' என்ற மறுபாதிதான் பெண்களின் வாயை அடைத்தது. வலிக்கிற இடமும் சொல்லக் கூசுகிற இடமாயிற்றே.

அன்று நாற்காலி அபூர்வம். கோலம் போட, விளக்குமாறு பிடிக்க, அடுப்பு ஊத என்று பெரும்பாலும் குனிந்தோ குத்தவைத்தோதான் வேலை நடந்தது. குத்தவைக்கும்போது வால் எலும்பு தரையில் படாது. ஆனால் ஆட்டுக்கல் முன்னால் வெறும் தரையில் உட்கார்ந்து மாவாட்டியதும், தண்ணீர்க் குடம் சுமந்ததும் அதே பெண்கள்தான். அந்தக் காலத்தில் வலியே இல்லை என்பது, அவர்களிடம் யாரும் கேட்காததால் வந்த நம்பிக்கை.

இரவுக்கு ஒரு கட்டளை இருந்தது. படுத்தபடியே புரளக் கூடாது, எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும். இன்றும் பல வீடுகளில் இது கேட்கிறது. கொடி சுற்றுவது குழந்தை உள்ளே தானாக அசைவதால். அம்மா புரள்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வலி உள்ளவளோ ஒவ்வொரு முறை எழுந்து உட்காரும்போதும் நொந்த எலும்பின் மேலேயே பாரம் போடுகிறாள். இன்றைய பிசியோதெரபிஸ்ட் வேறு விதம் சொல்லித்தருகிறார்: முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, முழங்கால்களைச் சேர்த்துவைத்து உடம்பை மொத்தமாகத் திருப்புவது, எழும்போது பக்கவாட்டில் கையூன்றி எழுவது. பாட்டிகளை மதிக்கிறேன், ஆனால் எழுந்து உட்கார்ந்து திரும்பும் கட்டளையை விட்டுவிடலாம்.

அவர்களுடைய ஒற்றடம் இன்றும் செல்லும், பொறுக்கும் சூட்டில். விளக்கெண்ணெய் குடிப்பது செல்லாது. கர்ப்பப்பை சுருங்க அது காரணமாகலாம். மலச்சிக்கல் இந்த வலியைக் கூட்டும், இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் தண்ணீரும் கீரையும் பழமும் இங்கே மருந்துக்குச் சமம். மெடிக்கலில் தானாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் இன்றைய ஆபத்து. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். பாராசிட்டமால்கூட மருத்துவரைக் கேட்டே.

இன்று வலிக்குப் பெயர் உண்டு, உட்காரப் பின்பக்கம் வெட்டுவிட்ட மெத்தை உண்டு. நேரம்தான் இல்லை. 2017 சட்டத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கான பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரைதான் எடுக்கலாம். குழந்தையோடு இருக்க வேண்டுமென்று பலர் கடைசி வாரம்வரை வேலைக்குப் போகிறார்கள். கணினி முன்னால் மணிக்கணக்கில் உட்காருகிறவளுக்கு அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதே பெரிய சிகிச்சை. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவளின் கதை நேரெதிர். கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்பது இருவர் கையிலும் இல்லை. மாசமாக இருப்பவள் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றால், ஏன் என்று கேட்காமலிருக்க மேலாளர்கள் பழகவேண்டும்.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 'சூட்டு வலி' என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரசவத்தோடு எல்லாம் சரியாகும் என்றும் எண்ண வேண்டாம். குழந்தையின் தலை வெளிவரும்போது வால் எலும்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சிலருக்கு வலி பிறகும் நீடிக்கும். அவர்கள் ஒருக்களித்துப் படுத்தபடி பால் கொடுக்கலாம். சில வாரத்தில் குறையாவிட்டால், தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப்போகும் அன்றைக்கே தங்கள் வலியையும் மருத்துவரிடம் சொல்லிவிடட்டும்.