மைதானத்து மனிதர்கள் – 11: நடுவில் நின்ற தஞ்சாவூர்க்காரர்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் நடந்தால் கூட்டத்தைப் பொறுத்து நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஆகும். கால்பந்தில் நடுக்கள வீரர் ஒரே ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடிவிடுகிறார், அதுவும் 90 நிமிடத்தில். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இப்படிச் சொன்னால்தான் உறைக்கிறது. ஏறக்குறைய முக்கால் கிரிவலம். ஆனால் ஓட்டம், மோதல், திரும்பல், மறுபடி ஓட்டம்.

காலையில் மைதானத்தில் அணி பிரிக்கும்போது எல்லாருக்கும் ஃபார்வர்டு இடம்தான் வேண்டும். "நீ நடுவுல நில்லுடா" என்றால் முகம் சுருங்கிவிடும். கோல் போட்டவன் பெயரைத்தான் ஊர் பேசும் என்பது பத்து வயதிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் நான் குலோத்துங்கனைப் பற்றிச் சொல்வேன்.

தஞ்சாவூரில் பிறந்து கொல்கத்தாவுக்குப் போன மிட்ஃபீல்டர். சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கியவர். சேர்ந்த இடம் ஈஸ்ட் பெங்கால். 1920-இல் தொடங்கிய அந்தக் கிளப், பிரிவினையில் ஊரை விட்டு வந்த கிழக்கு வங்கக் குடும்பங்களுக்குத் தொலைந்த ஊர் மாதிரி. ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன் குழம்பு கொதிக்கும். பரம எதிரியான மோகன் பகான் ஜெயித்தால் எதிர்வீட்டில் இறால். மொழி தெரியாத ஒரு தமிழர் அந்த ஜனங்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுக்களத்தில் நிற்பது எத்தனை பெரிய பொறுப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

2003 ஜூலையில் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப். முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் தெரோ சசானாவிடம் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. காலிறுதியில் ஈஸ்ட் பெங்கால் வீரர் தேவ்ஜித் கோஷ் மோதி விழுந்து நினைவிழந்தார். அணி மருத்துவர் சாந்திரஞ்சன் தாஸ்குப்தா மைதானத்திலேயே மூச்சு கொடுத்து உயிரை மீட்டார். ஜூலை 26 இறுதி ஆட்டம். எதிரே அதே பெக் தெரோ. இந்த முறை 3-1. கோல்களை மைக் ஒகோரோ, பைச்சுங் பூட்டியா, ஆல்விட்டோ டி குன்யா போட்டார்கள். இந்தியக் கிளப் ஒன்று வெளிநாட்டில் வென்ற மிகப் பெரிய கோப்பைகளில் அது ஒன்று. அந்த அணியில் குலோத்துங்கனும் இருந்தார். அடுத்து 2003-04 தேசிய லீக் பட்டமும் அந்தக் கிளப்புக்கே வந்தது.

இங்கே எத்தனை பேருக்கு அது தெரிந்தது? கோப்பை வந்த அன்று கொல்கத்தா கொண்டாடியது. காவிரிக் கரையில் ஒரு தட்டி கட்டியிருக்கலாம் என்று இப்போதும் எனக்கு ஆதங்கம்.

பிறகு மோகன் பகான், மும்பை எஃப்.சி., விவா கேரளா என்று ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

2018 அக்டோபர் 13. தஞ்சாவூரில் பைக் விபத்து. குலோத்துங்கன் இறந்துபோனார். வயது நாற்பதை ஒட்டித்தான் இருந்தது. ஜகார்த்தா புல்தரையில் தேவ்ஜித்துக்கு ஓடிவந்த மருத்துவரை நினைத்துக்கொண்டே அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன்.

(தொடரும்)