தலையில் பட்ட அடியும் பாரடேயின் சுருளும்

பேட்டையில் எங்கள் கல்லூரிக்குச் சுத்தமல்லியிலிருந்து சைக்கிளில் வரும் மாணவன் ஒருவன், சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தலைகுப்புற விழுந்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு இல்லை. இரத்தக் கசிவும் இல்லை. ஆனால் ஒரு மாதம் கழிந்தும் தலைவலி தீரவில்லை. "பத்து வரி படிச்சா எழுத்தெல்லாம் நெளியுது சார்" என்றான். "படிக்காம இருக்கச் சாக்குச் சொல்லுதான் சார்" என்றார் அவன் தந்தை.

அது சாக்கு அல்ல. நம் மூளை சுமார் 1.4 கிலோ எடையுள்ள மென்மையான உறுப்பு. மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. ஓடும் பேருந்து சட்டென நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அதே நிலைமத்தால், தலை மோதி நிற்கும்போது மூளை குலுங்குகிறது. அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. இதை 'மூளை அதிர்ச்சி' என்பர். ஸ்கேன் படத்தில் இது பெரும்பாலும் தெரிவதில்லை. பலருக்குச் சில வாரங்களில் குணமாகிவிடும். சிலருக்கோ தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, மனச்சோர்வு ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கும்.

இத்தகையோரின் மூளையை வெளியிலிருந்தே தூண்டிக் குணப்படுத்த முடியுமா? அதற்கான கருவியின் தத்துவம் உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தால் கால்வனாமீட்டரின் முள் துள்ளும். காந்தம் அசையாது நின்றால் முள்ளும் நின்றுவிடும். மாறும் காந்தப்புலமே மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே.

1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவினரும் இத்தத்துவத்தைத் தலைக்கு மேல் கொண்டுவந்தனர். தலையருகே வைத்த சுருளில் மிக வலிய மின்னோட்டம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்து மறையும். அப்போது எழும் புலம் சுமார் 2 டெஸ்லா. திருநெல்வேலியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். அதைப்போல் இது 50,000 மடங்கு! மண்டையோட்டைத் துளைக்காமலே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை நரம்பணுக்கள் தூண்டப்படுகின்றன.

மனச்சோர்வு நோய்க்கு இம்முறையை 2008-இல் அமெரிக்கா அங்கீகரித்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் இச்சிகிச்சை உண்டு. மூளை அதிர்ச்சியின் நீடித்த தொல்லைகளுக்கோ இது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. சில சிறிய ஆய்வுகளில் தலைவலி குறைந்தது. வேறு சிலவற்றில் மெய்ச்சுருளுக்கும் பொய்ச்சுருளுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

பொய்ச்சுருள் எதற்கு என்கிறீர்களா? அது 'டக், டக்' என்று ஒலிக்கும். ஆனால் மூளையைத் தூண்டாது. தமக்கு எது வைக்கப்பட்டது என்பது நோயாளிக்குத் தெரியாது. எங்கள் மாணவனையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்னபடி முதலில் ஓய்வு, பிறகு சிறிது சிறிதாக நடை, படிப்பு என்று தொடர்ந்தான். மூன்றாம் மாதத்தில் தேறிவிட்டான். இரண்டாம் மாதத்தில் அவன் தலையில் ஒரு சுருளை வைத்திருந்தால், "சுருள்தான் காப்பாற்றியது" என்று நானே உங்களிடம் சொல்லியிருப்பேன்! காலம் செய்த வேலை எது, கருவி செய்த வேலை எது என்று பிரித்தறியவே பொய்ச்சுருள்.

பாட்டரியும் கம்பியும் கொண்டு இதை வீட்டில் செய்து பார்க்க எண்ணாதீர்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் கையிலும் அரிதாக வலிப்பு வரக்கூடும். தலையில் அடிபட்டால் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, மிகுந்த தூக்கக் கலக்கம், வலிப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்த மாணவன் இப்போது ஹெல்மெட் அணிந்து சைக்கிளில் வருகிறான். அதை வாங்கிக் கொடுத்தவர் அவன் தந்தை.