பேயை நம்பலாம், காரை நம்பக்கூடாது!

அக்டோபர் 31 சாயங்காலம் அமெரிக்காவில் இருந்தீர்களானால் ஒரு எச்சரிக்கை. வாசல் மணி அடிக்கும். திறந்தால் மூன்றடி உயரத்தில் ஒரு எலும்புக்கூடு, ஒரு சூனியக்காரி, பல் விழுந்த ஒரு ஸ்பைடர்மேன். ‘ட்ரிக் ஆர் ட்ரீட்!’ என்று கோரஸாகக் கத்துவார்கள். ‘மிட்டாய் கொடுக்கிறாயா, வம்பு பண்ணட்டுமா?’ என்று அர்த்தம். பேசாமல் கொடுத்துவிடுங்கள் சார். ஹாலோவீன்!

நியூ ஜெர்ஸியில் நான் குடியிருக்கும் தெருவில், பிள்ளைகள் வீடு திரும்பியதும் கஸ்டம்ஸ் சோதனை நடக்கும். பையைக் கவிழ்த்து, உறை பிரிந்திருக்கிறதா என்று அம்மாக்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ‘இது சந்தேகமா இருக்கே’ என்று நல்ல சாக்லேட்டாகப் பார்த்து அப்பாக்கள் பறிமுதல் செய்வார்கள்!

முகம் தெரியாத யாராவது விஷம் வைத்துவிட்டால்? இதுதான் பயம். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 1958-லிருந்து வந்த செய்திகளைத் துருவிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் குழந்தை இறந்ததாக நிரூபணமான கேஸ் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் 1974-ல் டெக்ஸாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று செத்துப்போனது நிஜம். வைத்தவன் யார்? பெற்ற அப்பன், ரொனால்ட் ஓ’பிரையன்! இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. 1984-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

சரி, நிஜமான எமன் எங்கே? தெருவில், நாலு சக்கரத்தில் வருகிறான்.

1975 முதல் 2016 வரையிலான 42 ஹாலோவீன் மாலைகளை, ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வந்தது. ஹாலோவீன் அன்று கார் மோதிச் சாகும் பாதசாரிகள் 43 சதவிகிதம் அதிகம். நாலிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகளுக்கோ ஆபத்து பத்து மடங்கு! அதிலும் ஆறு மணி வாக்கில்தான் ரொம்ப மோசம்.

யோசித்தால் புரியும். இருட்டும் நேரம். கறுப்பு அங்கி. கண்ணை மறைக்கும் முகமூடி. எதிர்வீட்டில் பெரிய சாக்லேட் என்று தகவல் வந்தால், நிறுத்திய கார்களுக்கு நடுவிலிருந்து ஒரே ஓட்டம். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யார்? வீட்டுக்குப் பறக்கும் நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்கள்தான்.

அதனால், வேஷம் போடும் வீட்டாருக்குச் சில:

* முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம்.
* வெளிச்சம் பட்டால் மின்னும் டேப்பை அங்கியிலும் பையிலும் ஒட்டுங்கள். கையில் ஒரு டார்ச்.
* அங்கி காலைத் தடுக்கக்கூடாது. பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு.
* சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கட்டாயம். முனையில் மட்டும் சாலையைக் கடக்க வேண்டும்.

ப்ராஜெக்ட் என்று கம்பெனி அனுப்பி இங்கே வந்து கார் ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்றே ஒன்று: அன்றைக்குத் தெருவுக்குள் திரும்பியதும் ஊர்ந்து போங்கள். செல்போனைத் தொடாதீர்கள். குறுக்கே ஓடிவரும் குட்டிப் பிசாசு, மறுநாள் காலை ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய பிள்ளை!