மென்மையும் குளிர்ச்சியும் மட்டும் போதுமா?

டான்சில் எனப்படும் தொண்டைச்சதையை அறுவை செய்து நீக்குவது, குழந்தைகளுக்குப் பரவலாகச் செய்யப்படும் சிகிச்சைகளுள் ஒன்றாகும். சதை நீக்கப்பட்ட இடம் பெரும்பாலும் திறந்த புண்ணாகவே விடப்படும். அதன்மீது வெண்ணிறப் படலம் ஒன்று படர்ந்து, ஏறத்தாழ ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் உதிரும். புண் முழுமையாக ஆற இரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை விழுங்கும்போதெல்லாம் வலிக்கும். சில குழந்தைகளுக்கு அவ்வலி காதுவரை பரவும். ஆகவேதான் மருத்துவர்கள் மென்மையான, சூடு தணிந்த உணவையும் குளிர்ந்த உணவையும் பரிந்துரைக்கின்றனர். அறுவைக்கு அஞ்சும் குழந்தைகள்கூட, அதன்பின் கிடைக்கும் ஐஸ்கிரீமை எண்ணிச் சற்றே ஆறுதல் கொள்வர்.

அக்குழந்தைக்குச் சீலியாக் நோயும் இருந்தால் நிலைமை வேறு. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உள்ளது. பிசைந்த கோதுமை மாவு அறுந்து போகாமல் இழுபடுவது இதனால்தான். சீலியாக் நோயுடையவர் இப்புரதத்தை உண்டால், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதைந்து தட்டையாகிவிடும். வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியன அதன் விளைவுகளாகும். அறுவைக்குப் பின் ஊட்டம் மிகுதியாகத் தேவைப்படும் நாள்களில் குடல் புண்படுமாயின் குழந்தை இருமுறை துன்புறும்.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நெதர்லாந்தில் கடும் பஞ்சம் நிலவியது, ரொட்டி அரிதாயிற்று. அவர் முன்னரே கொண்டிருந்த ஐயம் அக்காலத்தில் வலுப்பெற்றது. அவரது ஆய்வேடு 1950இல் வெளிவந்தது. அன்று முதல் இன்றுவரை, குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே இந்நோய்க்கு உரிய சிகிச்சையாக உள்ளது.

கோதுமையை நாள்தோறும் உண்ணும் வட இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தென்னிந்தியாவில் இது மிகக் குறைவு. தில்லியிலோ சண்டிகரிலோ ஒரு குழந்தை நோயுற்றால், அன்போடு கொண்டுவரப்படும் உணவுகளை எண்ணிப் பாருங்கள். தலியா எனப்படும் கோதுமை நொய்க்கஞ்சி, பாலில் ஊறிய ரஸ்க், பாலில் நனைத்த பிஸ்கட், ரவைப் பாயசம், மால்ட் கலந்த சத்துபானம் என யாவும் தொண்டைக்கு இதமானவையே; அவற்றுள் ஒன்றேனும் குடலுக்கு ஏற்றதன்று. மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லியிலிருந்து பெறப்படுவது. பாட்டிமாரின் அன்பில் குறையில்லை, கோதுமைதான் குறை. ஆதலால் உறவினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று.

வெளிப்படையாகத் தெரியும் கோதுமையை விலக்குவது எளிது. மறைந்திருக்கும் கோதுமையே ஏமாற்றும். பாலை நெடுநேரம் சுண்டவைத்துச் செய்வதே குல்ஃபியின் மரபு. ஆனால் விரைவில் கெட்டிப்படுவதற்காக மைதாவையோ ரொட்டித் தூளையோ சேர்ப்பாரும் உளர். ஐஸ்கிரீம் வைத்துத் தரும் கூம்பு கோதுமையால் ஆனது. பால், சர்க்கரை, பழம் மட்டும் கொண்ட ஐஸ்கிரீமாக இருந்தாலும், பிஸ்கட் துண்டுகள் கலந்த மற்றொரு வகையில் தோய்ந்த கரண்டியாலேயே கடைக்காரர் அதையும் எடுத்துத் தரக்கூடும். பெருங்காயத்தைப் பலர் ஐயுறுவதில்லை. தூய பெருங்காயம் மிகக் காரமான மணமுடைய பிசின். ஆகவே கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலக்கப்படுகிறது, அது பெரும்பாலும் கோதுமை மாவே. பாசிப்பருப்புக் கிச்சடி எவ்வளவு குழைந்திருந்தாலும், தாளிப்பில் விழும் ஒரு சிட்டிகை அதனைக் கெடுத்துவிடும். உறைய வைப்பதாலோ கொதிக்க வைப்பதாலோ குளூட்டன் அழிவதில்லை. பொட்டலத்தில் ‘குளூட்டன் அற்றது’ எனக் குறிக்க வேண்டுமாயின், ஒரு கிலோகிராம் உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது நம் நாட்டு விதி.

இனி, எவற்றை உண்ணலாம்? அதே வட இந்திய வீடுகளில் நவராத்திரி நோன்பின்போது கோதுமையை விலக்கிச் சமைக்கும் பழக்கம் உண்டு. ஜவ்வரிசிப் பாயசம், சிங்காடா என்னும் நீர்க்காயின் மாவுக்களி, சாமை போன்ற ‘சமா’ அரிசிக் கஞ்சி ஆகியன நோன்பு உணவுகள். நோயுற்ற குழந்தைக்கும் பொருந்துவன. குட்டு மாவின் ஆங்கிலப் பெயரில் கோதுமையின் பெயர் ஒட்டியிருப்பினும் அது கோதுமை இனம் அன்று. எனினும் இம்மாவுகள் கோதுமை அரைத்த அதே எந்திரத்தில் அரைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், வாங்கும் இடத்தில் கேட்டறிதல் வேண்டும். தமிழர் இல்லங்களில் இப்பணி இன்னும் எளிது. குழையப் பிசைந்து குளிரவைத்த தயிர்சாதம், அரிசியும் உளுந்தும் மட்டும் அரைத்த இட்டிலியைத் தயிரில் ஊறவைத்தது, தேங்காய்ப்பாலில் நனைந்த இடியாப்பம் ஆகியவை இரு நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும். ரவை இட்டிலி மட்டும் கூடாது.

உறைந்த உணவை வீட்டிலேயே செய்வது ஐயத்தைப் போக்கும். மாம்பழச் சதையையோ சப்போட்டாவையோ தயிருடன் மசித்து, சிறிது சர்க்கரை சேர்த்து, அச்சில் ஊற்றி உறைய வைக்கலாம். பாலைச் சுண்டவைத்து ஏலக்காய் இட்டால் மாவின்றியே குல்ஃபி திரளும். முந்திரி, பாதாம் துண்டுகளைத் தவிர்க்க வேண்டும். அவை புண்ணை உறுத்தும். எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் புளிப்பு எரிச்சல் தரும். சிவப்பு நிறம் ஊட்டிய குச்சி ஐஸும் வேண்டா. குழந்தை துப்பும்போது அது நிறமா குருதியா என்று அறிய இயலாமற் போகும்.

குளூட்டன் இல்லை என்பதாலேயே ஓர் உணவு தொண்டைக்கு ஏற்றதாகிவிடாது. முறுக்கும் அப்பளமும் பல வீடுகளில் அரிசியாலும் உளுந்தாலும் ஆனவை. ஆயினும் அவற்றின் கூரிய விளிம்புகள் புண்ணைக் கீறும்.

எவ்வுணவையும் ஏற்காத குழந்தையிடம் முதலிரு நாள்களில் வற்புறுத்த வேண்டுவதில்லை. ஆனால் நீர் அருந்தியே ஆகவேண்டும். தொண்டை வறண்டால் வலி மிகும். வலி மிகுந்தால் குழந்தை மேலும் நீரை மறுக்கும். மருத்துவர் குறித்த நேரத்தில் வலிமருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியபின் உணவூட்டுவது பயன்தரும். மருந்தில் சேர்க்கப்படும் மாப்பொருள் எதனால் ஆனது என்பதை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாயில் புதிய குருதி தென்பட்டால், சிறிதளவே ஆயினும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவமனையில் சேரும் நாளிலேயே, அறுவை மருத்துவரிடம் மட்டுமன்றிச் சமையற்கூடத்தாரிடமும் செவிலியரிடமும் சீலியாக் நோயைப் பற்றி எழுத்தில் தெரிவிப்பது அவசியம். ஏனெனில் காலையில் தட்டை ஏந்தி வருபவர் மருத்துவக் குறிப்பேட்டைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அத்தட்டில் பாலும் ரொட்டித் துண்டும் இருக்கும்.

இரண்டு வாரங்கள் கழிந்து, மருத்துவர் இசைவு தந்தபின் வழக்கமான கடினத்தன்மையுள்ள உணவுக்குத் திரும்பலாம். குழந்தை ரொட்டி கேட்டால், கோதுமை படாத தனித் தோசைக்கல்லில் மக்காச்சோள ரொட்டியைச் சுட்டு, வெண்ணெய் தடவிக் கொடுக்கலாம்.